தேசிய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து மாநிலங்கள் வெளியேறலாமா?

(அரசு ஊழியர், ஆசிரியர் அரங்கங்களில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 ஜனவரி 13 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் புதிய அமைச்சரவை தன் முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவை எடுத்தது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த சுமார் 1.36 லட்சம் மாநில அரசு ஊழியர்களையும் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குக் கொண்டுவருவது என்பதே அந்த முடிவு. சிம்லாவில் அன்று ஊழியர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினர். ஆனால் அந்த ஊழியர்களின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட தொகையும், அதற்கு ஈடாக மாநில அரசு செலுத்திய தொகையும் சேர்ந்து எட்டாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் ஒன்றியச் சட்டத்தின் பிடியில் இருந்த நிதியத்திலேயே தங்கிவிட்டது. ஊழியர்கள் வெளியே வந்தார்கள். அவர்களின் பணம் வெளியே வரவில்லை.

ஒரு மாநிலம் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வெளியேறலாமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்வது கட்சி உறுப்பினர்களுக்குக் கடினமல்ல. வெளியேறிய பிறகு என்ன நடக்கிறது, வெளியேற்றத்தோடு கூடவே எதற்காகப் போராட வேண்டும் என்பவற்றைச் சொல்லாமல் அந்தப் பதிலை மட்டும் சொன்னால் அது பாதிப் பதிலாகவே நிற்கும். மீதிப் பாதியைப் பற்றியே இந்த வகுப்பு.

ஓய்வூதியம் யாருடைய பணம்?

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் என்பது எஜமானர் மனமிரங்கி அளிக்கும் கொடையல்ல, ஊழியர் தம் உழைப்பால் ஈட்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். தொழிற்சங்க இயக்கம் இதை இன்னும் துல்லியமாகச் சொல்லிவந்திருக்கிறது: ஓய்வூதியம் ஒத்திவைக்கப்பட்ட ஊதியம். முப்பது ஆண்டு உழைப்பின் விலையில் ஒரு பகுதியை அரசு அன்றன்று தராமல் நிறுத்திவைத்து முதுமையில் தருகிறது. எனவே ஓய்வூதியத்தைக் குறைப்பது கடந்தகால ஊதியத்தைப் பின்தேதியிட்டு வெட்டுவதாகும்.

பழைய திட்டத்தில் இந்த உரிமைக்கு ஒரு திட்டவட்டமான அளவு இருந்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம். ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக்கு ஏற்ப அகவிலை நிவாரணம். ஊழியர் மறைந்தால் குடும்ப ஓய்வூதியம். இதற்கென ஊழியரின் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிக்கப்படவில்லை.

2004இல் மாறியது என்ன?

வாஜ்பாய் தலைமையிலான அரசு 2003 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்த உரிமை இல்லாமற் போனது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காட்டை ஊழியர் செலுத்த வேண்டும். அரசு 10 விழுக்காடு செலுத்தும். ஒன்றிய அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இந்தப் பணம் நிதி மேலாளர்கள் வழியாகக் கடன்பத்திரங்களிலும் பங்குச் சந்தையிலும் முதலீடு செய்யப்படுகிறது. ஓய்வுபெறும் நாளில் சேர்ந்திருக்கும் தொகையில் 60 விழுக்காடு வரை கையில் கிடைக்கும். குறைந்தது 40 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அது தரும் மாதத் தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் பெறும் ஓர் ஆசிரியை. பழைய திட்டத்தில் அவருடைய அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய். புதிய திட்டத்தில் அவர் கணக்கில் 30 லட்சம் ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கொள்வோர் கொள்ளட்டும். அதில் 40 விழுக்காடு 12 லட்சம். அதற்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றால் 72,000 ரூபாய். மாதம் 6,000 ரூபாய். கைக்கு வரும் 18 லட்சத்தையும் தொடாமல் அதே வழியில் போட்டாலும் மாதம் 15,000 ரூபாயைத் தாண்டாது.

வேறுபாடு இதோடு முடியவில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் ஊதிய விகிதங்கள் 2016இல் நடைமுறைக்கு வந்தபோது பூஜ்யத்திலிருந்து தொடங்கிய அகவிலை நிவாரணம் 2025 ஜூலையில் 58 விழுக்காட்டை எட்டியது. அதாவது 2016இல் 30,000 ரூபாய் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனவர் 2025 ஜூலையில் 47,400 ரூபாய் பெற்றார். புதிய திட்டத்தின் 6,000 ரூபாயோ 85 வயதிலும் அதே 6,000 ரூபாய்தான். சந்தையின் அபாயம், விலைவாசியின் அபாயம், நீண்ட ஆயுளின் அபாயம் ஆகிய மூன்றையும் அரசின் தோளிலிருந்து இறக்கித் தனிமனிதரின் தோளில் ஏற்றுவதே இந்த மாற்றத்தின் சாரம்.

ராணுவத்தின் முப்படைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கும்கூட அந்த விலக்கு இல்லை. இதில் ஒரு வரலாற்று ஒற்றுமை இருக்கிறது. 1981இல் பினோசேயின் சர்வாதிகார ஆட்சி சிலி நாட்டின் ஓய்வூதியத்தைத் தனியார் நிதியங்களிடம் ஒப்படைத்தபோது, தன் ராணுவத்தினரை மட்டும் பழைய ஏற்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. திட்டம் அவ்வளவு சிறந்ததென்றால் அதைக் கொண்டுவந்தவர்கள் தங்கள் படைக்கு ஏன் அதை மறுத்தார்கள் என்று சிலி மக்கள் கேட்டார்கள். 1981 முதல் 2014 வரை 30 நாடுகள் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ தனியார்மயமாக்கின. அவற்றில் 18 நாடுகள் 2018க்குள் அதைத் திரும்பப் பெற்றுவிட்டன என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ஆய்வு கூறுகிறது. வெளியேறுவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

எதிர்த்து நின்றவர்கள்

மாநிலங்கள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 41ஆவது இனம் மாநில அரசுப் பணிகள். 42ஆவது இனம் மாநில ஓய்வூதியங்கள். இரண்டும் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மேற்கு வங்கத்தின் இடது முன்னணி அரசு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித் திட்டத்தில் சேர மறுத்தது. ஆட்சி மாறிய பிறகும் அங்கே பழைய ஓய்வூதியம் தொடர்கிறது. திரிபுராவின் இடது முன்னணி அரசும் மறுத்தது. 2018இல் பாஜக ஆட்சிக்கு வந்ததும் ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்வோருக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் திணிக்கப்பட்டது. மாநில அரசு ஒன்றின் மறுப்பு அந்த அரசு இருக்கும்வரைதான் உறுதியான காப்பு என்பதைத் திரிபுரா காட்டியது.

நாடாளுமன்றத்திலும் அப்படித்தான். ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்துக்கு 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2005இல் மசோதா வந்தது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இடதுசாரிகளின் வெளி ஆதரவைச் சார்ந்திருந்த ஆண்டுகளில் அந்த மசோதா நிறைவேறவில்லை. 2013 செப்டம்பரில் காங்கிரசும் பாஜகவும் கைகோத்தபோதுதான் அது சட்டமானது. அதுவரை ஏறத்தாழ பத்தாண்டுகள், நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லாமலேயே லட்சக்கணக்கான ஊழியர்களின் ஊதியத்திலிருந்து பணம் பிடிக்கப்பட்டு வந்தது. காப்பீட்டுத் துறையின் அன்னிய முதலீட்டு வரம்பு உயர்ந்தால் ஓய்வூதியத் துறையின் வரம்பும் தானே உயரும் என்ற ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் உண்டு.

வெளியேறிய ஐந்து மாநிலங்கள்

2022 பிப்ரவரியில் ராஜஸ்தான், மார்ச்சில் சத்தீஸ்கர், செப்டம்பரில் ஜார்க்கண்ட், நவம்பரில் பஞ்சாப், 2023 தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசம் என ஐந்து மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. இது தானாக நிகழவில்லை. பல ஆண்டுகளாக நடந்த வேலைநிறுத்தங்களும் பேரணிகளும் இதன் பின்னே இருந்தன. 2023 அக்டோபர் 1 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் நாடெங்கிலுமிருந்து ஊழியர்கள் திரண்டது அந்த இயக்கத்தின் உச்சங்களில் ஒன்று. இந்த வெற்றிகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இவற்றின் அனுபவத்திலிருந்து மூன்று பாடங்களைக் கற்க வேண்டும்.

முதலாவது, பணம். சத்தீஸ்கர் அரசு 17,240 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு ஒன்றிய அரசைக் கேட்டது. ராஜஸ்தானும் இமாச்சலமும் தங்கள் தொகையைக் கேட்டன. சேர்ந்த தொகையை மாநில அரசுகளுக்குத் திருப்பித் தர 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இடமில்லை என்று 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. சேருவதற்குக் கதவு உண்டு, திரும்புவதற்கு இல்லை என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, கடன் வரம்பு. அரசியல் சாசனத்தின் 293ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் அதன் ஒப்புதல் இல்லாமல் புதிய கடன் திரட்ட முடியாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாநிலங்கள் செலுத்தும் பங்களிப்புக்கு ஈடான தொகையை வழக்கமான வரம்புக்கு மேல் கடனாகப் பெற ஒன்றிய அரசு அனுமதித்துவந்தது. திட்டத்திலிருந்து வெளியேறிய இமாச்சலத்துக்கு அந்தக் கூடுதல் அனுமதி இல்லாமற் போனது. திட்டத்தில் இருப்பவருக்குச் சலுகை, விலகியவருக்கு நெருக்கடி என்ற இந்த முறையில் மாநிலப் பட்டியலின் 42ஆவது இனம் வெறும் காகித உரிமையாகச் சுருங்குகிறது.

மூன்றாவது, முதலாளித்துவக் கட்சிகளின் வாக்குறுதி எவ்வளவு தூரம் வரும் என்பது. பஞ்சாபில் ஆம் ஆத்மி அரசு அறிவிக்கை வெளியிட்டது. செயல்பாட்டு விதிமுறைகள் வராததால் ஊழியர்கள் மீண்டும் தெருவுக்கு வர நேர்ந்தது. ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் பழைய ஓய்வூதியத்தை அறிவித்த காங்கிரஸ் அரசுகள் 2023 டிசம்பரில் தோற்றன. ஊழியரின் ஓய்வூதியத்தை மட்டும் பேசி, மற்ற உழைப்பாளிகளின் முதுமையைப் பேசாத அரசியலால் பெரும்பான்மையான மக்களைத் திரட்ட முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டத்திலிருந்து வெளியேறும் அரசுக்கு உடனடியாகச் செலவு கூடுவதில்லை, குறைகிறது. மாதந்தோறும் செலுத்திய 10 அல்லது 14 விழுக்காட்டுப் பங்களிப்பு அரசின் கையிலேயே தங்கிவிடுகிறது. 2004க்குப் பின் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெறும் 2030களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் சுமை ஏறத் தொடங்கும். இன்று மிச்சமாகும் பணத்தை அன்றாடச் செலவில் கரைத்துவிட்டு, பதினைந்து ஆண்டு கழித்து வரும் அரசின் தலையில் பொறுப்பைக் கட்டுவது உழைப்பாளிகளுக்குச் செய்யும் சேவை அல்ல. வெளியேறும் மாநிலம் அந்த மிச்சத்தைச் சட்டப் பாதுகாப்புள்ள மாநில ஓய்வூதியச் சேமநிதியில் ஆண்டுதோறும் செலுத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஊழியர் இயக்கமே முன்வைக்க வேண்டும்.

வெளியேறுவது எப்போதும் முற்போக்கானதா?

இங்கே கனடாவின் விவாதம் ஒரு தெளிவைத் தருகிறது. 1966இல் தொடங்கிய கனடா ஓய்வூதியத் திட்டத்திலிருந்து எண்ணெய் வளம் மிக்க ஆல்பர்ட்டா மாகாணம் வெளியேறலாமா என்ற சர்ச்சை சில ஆண்டுகளாக நடக்கிறது. திட்டத்தின் சொத்தில் 53 விழுக்காடு, அதாவது 33,400 கோடி டாலர், தன் பங்கு என்று அந்த மாகாண அரசு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை உரிமை கொண்டாடியது. கனடாவின் மக்கள் தொகையில் அந்த மாகாணத்தின் பங்கோ ஏறத்தாழ 12 விழுக்காடு. அங்கே வெளியேற்றத்தைக் கோருவது வலதுசாரி மாகாண அரசு, எதிர்ப்பது தொழிற்சங்கங்கள்.

இந்தியாவில் தொழிலாளர் இயக்கம் வெளியேறச் சொல்கிறது, கனடாவில் இருக்கச் சொல்கிறது. இது முரண்பாடல்ல. கனடாவின் திட்டம் நாடு தழுவிய உழைப்பாளிகளின் கூட்டு நிதி. ஓய்வூதியத்தின் அளவு சட்டத்தால் வரையறுக்கப்பட்டு, விலைவாசியோடு இணைக்கப்பட்டது. அதிலிருந்து செல்வந்த மாகாணம் விலகுவது ஒருமைப்பாட்டை உடைப்பதாகும். இந்தியாவின் திட்டமோ ஒவ்வோர் ஊழியரையும் தனித்தனிக் கணக்காகப் பிரித்துச் சந்தையின் முன் நிறுத்துகிறது. அதிலிருந்து விலகுவது ஒருமைப்பாட்டை மீட்பதாகும். கனடாவின் சட்டத்திலேயே, மூன்றாண்டு முன்னறிவிப்புக் கொடுத்து, ஈடான பயன்களைத் தரும் மாற்றுத் திட்டத்தை ஏற்படுத்தும் மாகாணம் தன் பங்கோடு வெளியேற வழி உண்டு. இந்தியச் சட்டத்தில் அந்த நாகரிகம்கூட இல்லை.

தமிழ்நாட்டு அனுபவமும் இதே உண்மையை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. தமிழ்நாடு தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரவே இல்லை. ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு மாநில அரசே பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்றியத் திட்டத்துக்கு வெளியே இருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊழியர்கள் உறுதியான ஓய்வூதியத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆகவே உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்பது முதல் கேள்வியல்ல. ஓய்வூதியத்தின் அளவு வரையறுக்கப்பட்டதா, அது விலைவாசியோடு உயருமா, அபாயத்தை யார் சுமக்கிறார்கள் என்பவையே முதல் கேள்விகள்.

கேரளத்தைப் பற்றிய கேள்வி

எந்தக் கிளைக் கூட்டத்திலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்லும் இடதுசாரிகள் கேரளத்தில் ஏன் வெளியேறவில்லை? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

கேரளத்தில் பங்களிப்பு ஓய்வூதியத்தை 2013 ஏப்ரல் 1 முதல் திணித்தது உம்மன் சாண்டி தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி அரசு. அதை எதிர்த்து 2013 ஜனவரியில் ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016இல் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி மறுபரிசீலனை செய்வதாக வாக்குறுதி அளித்திருந்தது. 2018இல் குழு அமைக்கப்பட்டது. 2021இல் அறிக்கை வந்தது. 2024 பிப்ரவரி வரவு-செலவுத் திட்ட உரையில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் பற்றிய அறிவிப்பு வந்தது. வாக்குறுதியிலிருந்து இந்த அறிவிப்பு வரை எட்டாண்டுகள் கடந்தன. ஊழியர்களின் அதிருப்தி நியாயமானது.

அந்த ஆண்டுகளில் நிகழ்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கேரள அரசு ஏறத்தாழ 60 லட்சம் பேருக்குச் சமூக நல ஓய்வூதியம் வழங்கியது. 2016இல் 600 ரூபாயாக இருந்த அது படிப்படியாக 1,600 ரூபாயாகி, 2025 நவம்பரில் 2,000 ரூபாயானது. இந்த ஓய்வூதியத்தைத் தடையின்றி வழங்க ஏற்படுத்தப்பட்ட நிறுவனம் வாங்கிய கடனையும், உள்கட்டமைப்பு நிதியத்தின் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிட்டு, ஒன்றிய அரசு கேரளத்தின் கடன் வரம்பைக் குறைத்தது. கேரளம் 2023 டிசம்பரில் அரசியல் சாசனத்தின் 131ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்து, வழக்கை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

இது தாமதத்துக்கு விளக்கமே தவிர நியாயம் அல்ல. கையிலிருக்கும் பணத்தை 60 லட்சம் ஏழை முதியவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இடையே பங்கிடும் நிலைக்கு ஓர் இடதுசாரி அரசு தள்ளப்பட்டது. ஒன்றியத்தில் அதிகாரக் குவிப்பு நீடிக்கும்வரை தனியொரு மாநிலத்தின் நல்லெண்ணம் எங்கே முட்டி நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

‘பணம் எங்கே?’ என்பவர்களுக்கு

பழைய திட்டத்துக்கு எல்லா மாநிலங்களும் திரும்பினால் சுமை புதிய திட்டத்தைப் போல 4.5 மடங்கு வரை ஆகும், 2060ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் உள்நாட்டு உற்பத்தியில் 0.9 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும் என்று ரிசர்வ் வங்கியின் இதழில் 2023 செப்டம்பரில் வெளியான கட்டுரை எச்சரித்தது. அந்த மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மாநில அரசு ஊழியர்களின் முதுமைப் பாதுகாப்புக்கு உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஆகவில்லை என்பதையே அது சொல்கிறது.

2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு கார்ப்பரேட் வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அந்த அரசே அன்று கணக்குச் சொன்னது. செல்வ வரி 2015 வரவு-செலவுத் திட்டத்தில் ஒழிக்கப்பட்டது. இந்தச் சலுகைகளின்போது 2060ஆம் ஆண்டைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. மறுபுறம், 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநிலங்கள் தங்கள் வரி விதிக்கும் அதிகாரத்தின் பெரும் பகுதியை இழந்தன. அதற்கான இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. மேல்வரிகளும் கூடுதல் தீர்வைகளும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவதில்லை. மாநிலத்தின் பையைக் காலி செய்துவிட்டு, பை காலியாக இருக்கிறதே என்று உபதேசிப்பது பொருளாதாரம் ஆகாது.

பின்வாங்கலும் பொறியும்

போராட்டம் வீண்போகவில்லை. சந்தையே போதும் என்று இருபது ஆண்டுகள் சொல்லிவந்த ஒன்றிய அரசு 2024 ஆகஸ்ட் 24 அன்று ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 50 விழுக்காடு, அகவிலை நிவாரணம், 60 விழுக்காடு குடும்ப ஓய்வூதியம், பத்தாண்டுப் பணிக்குக் குறைந்தது 10,000 ரூபாய் ஆகியவை அதில் உண்டு. உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் சாத்தியமே என்று அரசு தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது இது.

ஆனால் ஊழியரின் 10 விழுக்காட்டுப் பிடித்தம் தொடர்கிறது. முழு ஓய்வூதியத்துக்கு 25 ஆண்டுப் பணி வேண்டும். கணக்கில் சேர்ந்த தொகையை ஒப்படைத்தால்தான் முழுத் தொகையும் கிடைக்கும். 25 ஆண்டு என்ற நிபந்தனை யாரைத் தாக்கும்? வயது வரம்புத் தளர்வில் முப்பத்தைந்து வயதுக்குப் பின் பணிக்கு வரும் பட்டியலினத்தவரையும் பிற்படுத்தப்பட்டோரையும், கணவரை இழந்து கருணை அடிப்படையில் தாமதமாக வேலை பெறும் பெண்களையும் தாக்கும். ஊழியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். விருப்பம் தெரிவிக்கும் கடைசி நாள் ஜூன் 30, செப்டம்பர் 30, நவம்பர் 30 என்று 2025இல் தள்ளிக்கொண்டே போனது. அப்படியும் ஏறத்தாழ 23 லட்சம் ஒன்றிய அரசு ஊழியர்களில் சுமார் 1.22 லட்சம் பேரே அதைத் தேர்ந்தெடுத்தனர்.

200 ரூபாய் முதியவர்

கடைசியாக, மிக முக்கியமான பிரச்சினை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அது உயரவில்லை. 80 வயதைக் கடந்தால் 500 ரூபாய். வருங்கால வைப்புநிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், ஆலையிலும் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து அதே 1,000 ரூபாய். அரசு அலுவலகத்திலேயே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இளைஞருக்கும், அங்கன்வாடி ஊழியருக்கும், ஆஷா பணியாளருக்கும் அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியமே கிடையாது.

ஆளும் வர்க்கம் இந்த மக்களைக் காட்டித்தான், ‘இவர்களுக்கு இல்லாதது உங்களுக்கு எதற்கு?’ என்று அரசு ஊழியரைக் கேட்கிறது. இதற்கு ஊழியர் சங்கம் வாயால் சொல்லும் பதில் போதாது. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் 200 ரூபாய் முதியவரின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தத் தொழிலாளியின் மறியலுக்கு நிரந்தர ஊழியர் வந்து அமர்கிறாரா என்பதில்தான் அந்தப் பதில் இருக்கிறது. விவசாயத் தொழிலாளி ஒருவர் பழைய ஓய்வூதியக் கோரிக்கையைத் தன் கோரிக்கையாகக் கருதும் நாள் வரும்வரை, எந்த மாநிலத்தின் வெளியேற்றமும் அடுத்த ஆட்சி மாற்றம் வரைக்குமான வெற்றிதான்.

செய்ய வேண்டியவை

ஆகவே கட்சி உறுப்பினர்கள் தங்கள் அரங்கங்களில் கொண்டுசெல்ல வேண்டிய நிலைப்பாடு இதுதான். மாநிலங்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். அது அவற்றின் அரசியல் சாசன உரிமை. வெளியேறும் மாநிலம் வரையறுக்கப்பட்ட ஓய்வூதியத்தை வெறும் அரசாணையாக விடாமல், சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேற்ற வேண்டும்; மிச்சமாகும் பங்களிப்பைச் சேமநிதியில் இட வேண்டும். ஊழியர்களின் பணத்தைச் சிறைவைத்திருக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்து, சேர்ந்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஓய்வூதியத்தைக் காரணம் காட்டிக் கடன் வரம்பில் கைவைப்பதை ஒன்றிய அரசு நிறுத்த வேண்டும். ஒப்பந்த, திட்டப் பணியாளர்களுக்கு ஓய்வூதியமும், 60 வயது கடந்த ஒவ்வோர் உழைப்பாளிக்கும் விலைவாசியோடு இணைந்த கண்ணியமான ஓய்வூதியமும் வேண்டும்.

இவற்றில் முதலாவதை ஒரு மாநிலம் தனித்துச் செய்யலாம். மற்றவற்றை எந்த மாநிலமும் தனித்துச் செய்ய முடியாது. சிம்லாவில் இனிப்பு வழங்கிய ஊழியர்களின் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அதை மீட்கும் போராட்டம் இமாச்சல ஊழியர்களுடையது மட்டுமல்ல. நாட்டின் உழைப்பாளிகள் அனைவருடையதும் ஆகும்.